மின்னிறக்கக் குழாயும் அறிவியல் வரலாற்றின் அறுந்த சங்கிலியும்

முத்து ஒன்றைக் கையில் வாங்கிப் பார்ப்பவர் அதன் உருட்சியைப் பார்ப்பார், ஒளியைப் பார்ப்பார், எடையையும் விலையையும் கேட்பார். எந்த வணிகரிடம் வாங்கியது என்றுகூடக் கேட்பார். அதைக் கடலடியிலிருந்து எடுத்து வந்தவர் யார் என்று கேட்டவரை நாம் இதுகாறும் கண்டதில்லை. தூத்துக்குடி தொடங்கிக் காயல்பட்டினம், கீழக்கரை வரை நீளும் இம்முத்துக்குளித்துறைக் கரையில் பிறந்து வளர்ந்த நமக்கே அக்கேள்வி தோன்றியதில்லை என்றால், பிறரைக் குறைகூற நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அறிவியல் வரலாறு தமிழில் எழுதப்படும் முறையை எண்ணும்போதெல்லாம் இந்த முத்தின் நினைவே நமக்கு வருகிறது. அதற்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அரபுக் கல்லூரி மாணவர்களுக்குப் பொது அறிவு வகுப்பு ஒன்றில் எலக்ட்ரானின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தோம். காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றினுள் மின்சாரத்தைச் செலுத்தி, 1897ஆம் ஆண்டில் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தார் என்று கூறினோம். சங்குகுளிக்கும் குடும்பத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், அந்தக் குழாயைச் செஞ்சது யாரு?” என்று கேட்டார். “யாரோ ஒரு கண்ணாடி வேலைக்காரர்” என்று சொல்லி அடுத்த செய்திக்குச் சென்றுவிட்டோம். வகுப்பு முடிந்த பின்னரே, நாம் சொன்னது விடையன்று, தப்பித்தல் என்பது உறைத்தது. வேறொரு துறையில் இப்படியொரு விடையை மாணவர் நம்மிடம் சொல்லியிருந்தால் நாம் அவரை உட்கார விட்டிருக்கமாட்டோம்.

அறிவிப்பாளர் வரிசை என்னும் அளவுகோல்

நாம் கற்றதும் கற்பிப்பதும் இஸ்னாதின் மீது எழுந்த கல்வி. ஒரு செய்தி வந்தால், யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், அவர்கள் இருவரும் சந்தித்தது உண்டா என்று கேட்பதே அதன் முதற்படி. வரிசையில் ஓர் அறிவிப்பாளர் விடுபட்டிருப்பின் அதனை ‘முன்கதிஉ’ என்பர். அடுத்தடுத்து இருவரோ பலரோ விடுபட்டிருப்பின் ‘முஃளல்’ என்பர். இடையிலுள்ளவரை மறைத்து, நேரே கேட்டதுபோல் தோன்றச் செய்தால் அது ‘தத்லீஸ்’. மார்க்கச் செய்திகளுக்கென வகுக்கப்பட்ட இவ்விதிகளை அப்படியே அறிவியல் வரலாற்றின்மீது சுமத்த வேண்டும் என்பது நம் கருத்தன்று. இரண்டும் வேறு துறைகள். ஆயினும் யார் வழியாக வந்தது என்று கேட்கும் பழக்கம் எத்துறைக்கும் நலம் செய்வதே.

அப்பழக்கத்தோடு நம் பள்ளி நூல்களையும் பொது வாசிப்புக்கென எழுதப்படும் அறிவியல் நூல்களையும் பார்த்தால், மின்னிறக்கக் குழாயைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் மூன்று வாக்கியங்களில் முடிந்துவிடுவதைக் காணலாம். குரூக்ஸ் குழாயைச் செய்தார். ராண்ட்ஜன் அதிலிருந்து தற்செயலாக எக்ஸ் கதிரைக் கண்டார். தாம்சன் அதிலிருந்து எலக்ட்ரானைக் கண்டார். மூன்றும் முழுப் பொய்யல்ல. ஆனால் மூன்றிலும் வரிசை அறுந்திருக்கிறது. சில இடங்களில் ஒருவர் விடுபட்டிருக்கிறார். சில இடங்களில் ஒரு தலைமுறையே விடுபட்டிருக்கிறது. விடுபட்டவர் பலரும் கையால் வேலை செய்தவராக இருப்பதுதான் நம்மை எழுதத் தூண்டியது.

வரிசையை மீண்டும் கோத்தல்

மின்னிறக்கக் குழாய் என்பது எளிய பொருளே. இரு முனைகளிலும் உலோகத் துண்டுகள் பதித்து மூடப்பட்ட கண்ணாடிக் குழாய் அது. உள்ளே இருக்கும் காற்றின் பெரும்பகுதியை உறிஞ்சி எடுத்துவிட்டு, உயர் மின்னழுத்தத்தைக் கொடுத்தால் எஞ்சிய வாயு ஒளிர்கிறது. நியான் எனில் செம்மை. பாதரச ஆவி எனில் நீலப் பச்சை. சோடிய ஆவி எனில் மஞ்சள். துறைமுகங்களிலும் நெடுஞ்சாலைகளிலும் நெடுங்காலம் எரிந்த மஞ்சள் விளக்குகளும், நம் வகுப்பறைகளின் குழல் விளக்குகளும் இக்குடும்பத்தின் வழித்தோன்றல்களே. இன்று அவற்றின் இடத்தைப் பல இடங்களில் எல்.இ.டி. விளக்குகள் பிடித்துவிட்டன.

எளிய பொருள் என்றோம்; ஆனால் அதைச் செய்வதற்கு மூன்று திறன்கள் வேண்டும். காற்றை வெளியேற்றும் எந்திரம் ஒன்று. உயர் மின்னழுத்தம் தரும் கருவி மற்றொன்று. வெற்றிடத்தின்மேல் அழுத்தும் வெளிக்காற்றுக்கு உடையாமலும், உலோகம் நுழையும் இடத்தில் கசியாமலும் கண்ணாடியை ஊதி மூடும் கை மூன்றாவது.

முதல் திறனின் வரிசை 17ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. பாதரசம் நிரப்பிய குழாயைக் கவிழ்த்து அதன் தலைப்பகுதியில் வெற்றிடத்தைக் காட்டிய சோதனை இத்தாலியரான டாரிசெல்லியின் பெயரால் 1640களில் வந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் ஜெர்மானியரான ஆட்டோ வான் கெரிக் காற்றிறைக்கும் எந்திரத்தைச் செய்தார். 1706ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் பிரான்சிஸ் ஹாக்ஸ்பீ, காற்று நீக்கிய கண்ணாடி உருண்டையைச் சுழற்றிக் கையால் உராய்ந்தபோது உள்ளே ஒளி தோன்றக் கண்டார். 1838இல் மைக்கேல் பாரடே, காற்றழுத்தம் குறைந்த குழாயில் ஒளிக்கும் எதிர்மின்முனைக்கும் இடையே ஓர் இருண்ட இடைவெளி இருப்பதைக் குறித்துவைத்தார். அதற்கு மேல் செல்ல அவர் காலத்து எந்திரங்கள் போதவில்லை.

இரண்டாவது திறன் தூண்டு சுருளால் கைகூடியது. அயர்லாந்தில் மேனூத் கல்லூரியில் ஆசிரியராக இருந்த பாதிரியார் நிக்கோலஸ் காலன் 1836இல் அதைச் செய்தார். பாரிஸில் கருவிப் பட்டறை வைத்திருந்த ஹைன்ரிச் ரூம்கார்ஃப் 1850களில் அதைச் செம்மைப்படுத்தி உலகெங்கும் பரவச் செய்தார். சுருள் பட்டறைக்காரரின் பெயரால் வழங்கிற்று. பாதிரியாரின் பெயர் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. விடுபடுகிறவர் எப்போதும் தொழிலாளியே என்று எண்ணிவிடலாகாது என்பதற்கு இது சான்று.

மூன்றாவது திறனுக்கு உரியவரே நம் மாணவர் கேட்ட கேள்வியின் விடை. ஹைன்ரிச் கைஸ்லர் என்பது அவர் பெயர். கண்ணாடித் தொழிலுக்குப் பெயர்பெற்ற துரிங்கியாப் பகுதியில், அத்தொழிற் குடும்பத்தில் பிறந்தவர். பான் நகரில் பட்டறை அமைத்து, அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குக் கருவிகள் செய்து தந்தார். 1855இல் அவர் அமைத்த வெற்றிட எந்திரத்தில் உந்துதண்டு இல்லை. பாதரசம் நிறைந்த கலத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் காற்றைச் சிறிது சிறிதாகப் பிடித்து வெளியேற்றுவதே அதன் முறை. உந்துதண்டின் ஓரத்தில் கசியும் காற்றுத் தொல்லை அதனால் ஒழிந்தது. 1857இல் அவ்வெந்திரத்தின் துணையால் அவர் செய்த குழாய்கள் அதுவரை எவரும் காணாத தெளிவோடு ஒளிர்ந்தன.

அக்குழாய்களைக் கொண்டு ஆய்வு செய்த பேராசிரியர் ஜூலியஸ் புளூக்கர் ஒரு கணித அறிஞர். காந்தத்தை அருகே கொண்டுவந்தால் ஒளி வளைவதை 1858இல் அவர் அறிவித்தார். அத்துடன், அக்குழாய்களுக்குக் கைஸ்லரின் பெயரைச் சூட்டியவரும் அவரே. தமக்குக் கருவி தந்தவரை மறைக்காமல் சொன்ன பேராசிரியர் அவர். பான் பல்கலைக்கழகமும் 1868இல் கைஸ்லருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. அக்காலத்தவர் அவரை மறக்கவில்லை. சுருக்கி எழுதிய பின்னையோரே மறந்தனர். குற்றம் எங்கே நிகழ்ந்தது என்பதைச் சரியாகச் சொல்வதும் நேர்மையின் பகுதியே.

இதன் பின் வரிசை விரைந்து செல்கிறது. புளூக்கரின் மாணவர் ஹிட்டார்ஃப், எதிர்மின்முனைக்கு எதிரே ஒரு பொருளை வைத்தால் அதன் நிழல் கண்ணாடியில் விழுவதை 1869இல் காட்டினார். அங்கிருந்து ஏதோ ஒன்று நேர்கோட்டில் செல்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று. 1876இல் கோல்ட்ஸ்டைன் அதற்கு எதிர்மின்முனைக் கதிர் என்று பெயரிட்டார். ஹெர்மன் ஸ்பிரெங்கல் 1865இல் அமைத்த, பாதரசத் துளிகள் விழுந்து காற்றைக் கொண்டுசெல்லும் எந்திரம் வெற்றிடத்தை இன்னும் ஆழப்படுத்தியது. அதன் துணையால் வில்லியம் குரூக்ஸ் தம் புகழ்பெற்ற குழாய்களை உருவாக்கி, 1879இல் ஷெஃபீல்டு நகரில் கதிர்வீசும் பருப்பொருள் பற்றி உரையாற்றினார். அக்குழாய்களை ஊதியவர் அவருடைய உதவியாளர் சார்லஸ் கிமிங்ஹாம். குரூக்ஸ் குழாய் என்று நாம் சொல்லும்போது கிமிங்ஹாமின் மூச்சும் அதில் இருக்கிறது.

கையே உண்மையை முடிவுசெய்த இடம்

இதுவரை சொன்னதைக் கேட்கும் வாசகர் ஒருவர், “பெயர்கள் விடுபட்டால் என்ன? உண்மை மாறிவிடவில்லையே?” என்று கேட்கலாம். நன்றி மறத்தல் ஒழுக்கக் குறையாகலாம். வரலாற்றுப் பிழையாகுமா என்பது நியாயமான கேள்விதான். இதற்கு விடை அக்குழாயின் வரலாற்றிலேயே இருக்கிறது.

எதிர்மின்முனைக் கதிர் என்பது யாது என்பதில் அக்கால அறிஞரிடையே கடும் கருத்து வேறுபாடு நிலவியது. ஜெர்மானியர் பலர் அதனை ஈதரில் எழும் அலை என்றனர்; ஆங்கிலேயர் பலர் மின்னூட்டம் கொண்ட துகள் என்றனர். துகளானால் மின்புலத்தில் வளைய வேண்டும். மின்காந்த அலைகளைச் செய்துகாட்டிப் புகழ்பெற்றவரான ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் 1883இல் அச்சோதனையைச் செய்தார். கதிர் வளையவில்லை. ஆகவே அது துகளன்று என்று முடிவு செய்தார். சோதனையில் தந்திரமில்லை, தர்க்கத்தில் பிழையில்லை. முடிவு மட்டும் தவறு.

பிழை இருந்த இடம் குழாயின் உள்ளே. அவர் குழாயில் எஞ்சியிருந்த வாயு, கதிர் செல்லும்போது மின்னூட்டம் பெற்றுத் தகடுகளின் புலத்தை மறைத்துவிட்டது. 1897இல் தாம்சன் அதே சோதனையை இன்னும் ஆழ்ந்த வெற்றிடத்தில் செய்தார், கதிர் வளைந்தது. ஹெர்ட்ஸுக்கும் தாம்சனுக்கும் இடையே கிடந்த தொலைவில் பெரும்பகுதி, குழாயில் எஞ்சிய காற்றின் அளவே. அந்தக் காற்றை வெளியேற்றி, அந்தக் கண்ணாடியைக் கசியாமல் மூடிய கை, தாம்சனின் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பணிபுரிந்த எபனீசர் எவரெட்டின் கை. தாம்சன் நுண்கருவிகளைக் கையாள்வதில் திறமற்றவர் என்பது அவருடன் இருந்தோர் அனைவரும் அறிந்த செய்தி. ஆய்வகக் கண்ணாடியை அவர் தொடாமல் எவரெட் பார்த்துக்கொள்வார் என்பர்.

எனவே விடுபட்ட பெயர் வெறும் நன்றிக்குரிய பெயரன்று. ஒரு பேரறிஞர் ஏன் தவறினார், மற்றொருவர் ஏன் வென்றார் என்பதற்கான காரணமே அப்பெயரோடு விடுபட்டுப் போகிறது. காரணம் போனபின் எஞ்சுவது, ஒருவர் மேதை மற்றவர் அல்லர் என்னும் கதை. அக்கதை உண்மையன்று. அவ்வாண்டே ஜெர்மனியில் காஃப்மனும் வீஹர்ட்டும் தனித்தனியே செய்த அளவீடுகளையும் சேர்த்துச் சொன்னால்தான் அச்செய்தி முழுமை பெறும். ஒரே செய்தி பல வழிகளில் வந்து ஒன்றையொன்று வலுப்படுத்துவதன் அருமையை நம் கல்வி மரபினருக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

மறுதலையும் உண்மையே என்பதைச் சொல்லாவிடில் நாமும் ஒருபக்கச் சாட்சியம் கூறியவராவோம். கைஸ்லரின் குழாய்கள் பல ஆண்டுகள் வீட்டுக் கூடங்களில் விருந்தினரை மகிழ்விக்கும் வண்ண விளையாட்டுப் பொருள்களாகவும் விற்பனையாயின. புளூக்கரும் ஹிட்டார்ஃபும் கேட்ட கேள்விகள் இல்லையேல் அவை அழகிய அலங்காரங்களாகவே நின்றிருக்கும். கையும் கேள்வியும் சந்தித்த இடத்தில்தான் அறிவு பிறந்தது.

உடலின் விலை

1895 நவம்பர் 8ஆம் நாள் வுர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் கறுப்பு அட்டையால் மூடிய குழாய் ஒன்றிலிருந்து எழுந்த, கண்ணுக்குப் புலப்படாத கதிர் சற்றுத் தொலைவிலிருந்த திரையை ஒளிரச் செய்வதைக் கண்டார். இதைத் தற்செயல் என்று நம் நூல்கள் எழுதுகின்றன. ஒளிர்ந்தது தற்செயலாகலாம். அதைக் கண்டபின் ஏறத்தாழ ஏழு வாரங்கள் தனித்திருந்து ஒவ்வொரு பொருளாகத் தடுத்துப் பார்த்து, டிசம்பர் 28இல் அவர் கட்டுரை அளித்ததைத் தற்செயல் என்பது எப்படிப் பொருந்தும்?

தொடக்கக் கால எக்ஸ் கதிர்க் குழாய்கள் அனைத்தும் வாயு எஞ்சிய மின்னிறக்கக் குழாய்களே. பயன்படுத்தப் பயன்படுத்த உள்ளிருக்கும் வாயுவின் அளவு மாறும். அதற்கேற்பக் கதிரின் ஊடுருவும் ஆற்றலும் மாறும். குழாய் இன்று எந்நிலையில் இருக்கிறது என்று அறிய, அதை இயக்குபவர் தம் கையையே திரையின் முன் நீட்டி எலும்புகள் தெரியும் தெளிவைப் பார்ப்பது வழக்கமாக இருந்தது. நாள்தோறும் பலமுறை நீட்டிய கைகள் புண்ணாயின, பின் புற்றாயின. எடிசனிடம் பணியாற்றிய கண்ணாடி ஊதுநர் கிளாரன்ஸ் டாலி இரு கைகளையும் இழந்து 1904இல் உயிர் துறந்தார். எடிசன் எக்ஸ் கதிர் ஆய்வையே கைவிட்டார். 1913இல் கூலிட்ஜ் அமைத்த, வாயுவை நம்பாத புதிய வகைக் குழாய் வந்த பின்னரே கதிரின் அளவை உறுதியாகக் கட்டுப்படுத்த முடிந்தது. எக்ஸ் கதிராலும் ரேடியத்தாலும் இறந்தோர்க்கு 1936இல் ஹாம்பர்க் நகரில் நினைவுத் தூண் ஒன்று எழுப்பினர். அதில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

இவ்விடத்தில் நம் கரையின் குளியாளி நினைவுக்கு வராமல் இரார். காலில் கல்லைப் பிணைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, பத்துப் பாகம் வரை ஆழத்தில் இறங்கிச் சிப்பி சேர்த்தவர். செவிப்பறையும் நுரையீரலும் அவர் தந்த விலை. பரதவரும் முஸ்லிம்களுமாக இக்கரையின் மக்கள் தலைமுறை தலைமுறையாக அவ்விலையைத் தந்தனர். அவர் பெயர் பொறித்த தூண் எங்கும் இல்லை.

குழாய் முத்துக்கு வந்த கதை

இவ்வொப்புமை நாம் வலிந்து செய்வதாகத் தோன்றலாம். ஆனால் மின்னிறக்கக் குழாயும் முத்தும் வரலாற்றில் உண்மையாகவே சந்தித்தன. எக்ஸ் கதிர் கண்டறியப்பட்ட சில ஆண்டுகளிலேயே, 1901இல், பிரான்சின் லியோன் நகரப் பேராசிரியர் ரஃபேல் துபுவா ஒரு யோசனை கூறினார். சிப்பியைப் பிளக்காமல் எக்ஸ் கதிரால் உள்ளே முத்து உண்டா என்று பார்க்கலாம். இல்லாத சிப்பியை உயிரோடு கடலில் விட்டுவிடலாம் என்பது அது. முத்துக்குளிப்பில் கோடிக்கணக்கான சிப்பிகள் மடிகின்றன என்பதை அறிந்தோர்க்கு இதன் அருமை விளங்கும். 1905ஆம் ஆண்டு மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில் நடந்த குளிப்பில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதன் பின் அப்பார்கள் வெறுமையாயின. துபுவாவின் யோசனை உரிய காலத்தில் பரவலாக நடைமுறைக்கு வந்திருப்பின் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

முத்துக்கு எக்ஸ் கதிர் வேறொரு வழியில் வந்தது. ஜப்பானில் மிகிமோட்டோ முதலியோரின் முயற்சியால் உருவான வளர்ப்பு முத்து 1921இல் லண்டன் சந்தைக்கு வந்தபோது வணிகர் கலங்கினர். வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. அப்போது எக்ஸ் கதிர் நடுவராக அமர்ந்தது. இயற்கை முத்தில் நுண்படிகங்கள் மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் ஆரங்கள்போல் அடுக்கப்பட்டிருக்கும். எத்திசையிலிருந்து கதிரைச் செலுத்தினாலும் படத்தில் அறுகோணமாய் அமைந்த புள்ளிகளே விழும். வளர்ப்பு முத்தின் உள்ளே கிளிஞ்சல் ஓட்டிலிருந்து கடைந்தெடுத்த உருண்டை இருக்கும். அதன் அடுக்குகள் தட்டையானவை. ஆகவே பெரும்பாலான திசைகளில் நான்கு புள்ளிகள் விழும். முத்தை உடைக்காமலே அதன் உள்ளமைப்பு தெரிந்துவிடும். எக்ஸ் கதிரைக் கொண்டு முத்தைச் சோதிப்பது இன்றும் உலகின் முத்துச் சோதனைக் கூடங்களில் அடிப்படை முறையாக உள்ளது.

ஆனால் நடுவர் தீர்ப்புச் சொன்னதால் குளியாளியின் வாழ்வு மீளவில்லை. உலகப் பொருளாதார வீழ்ச்சியும் வளர்ப்பு முத்தும் சேர்ந்து 1930களில் பஹ்ரைன், குவைத் போன்ற அரபு வளைகுடா நாடுகளின் முத்துத் தொழிலை வீழ்த்தின. நம் கரையில் 1955 முதல் 1961 வரை குளிப்பு நடந்தது. 1961க்குப் பின் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. 1973இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இதே கரையில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினர். எக்ஸ் கதிர் ஒரு முத்து இயற்கையா வளர்ப்பா என்று சொல்லும். எடுத்தவர் யார் என்பதை அது சொல்லாது. அதை மனிதர்தாம் எழுதிவைக்க வேண்டும்.

நம் நாட்டு அறிவிப்பாளர்கள்

இப்பழக்கம் அயலார் வரலாற்றோடு நிற்பதில்லை. 1868 ஆகஸ்ட் 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தை அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரிலிருந்து பிரெஞ்சு அறிஞர் ழான்சென் ஆராய்ந்தார். சூரிய விளிம்பில் எழும் செந்தழலில் ஹைட்ரஜனின் நிறக்கோடுகளை அவர் அடையாளம் கண்டார். ஹைட்ரஜனின் கோடுகள் எவை என்பதை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஆய்வகத்தில் தெளிவாக்கியவை புளூக்கரும் பிறரும் ஆராய்ந்த கைஸ்லர் குழாய்கள். அக்கிரகணத்தில் கண்ட, எவருக்கும் புரியாத மஞ்சள் கோட்டுக்கு உரிய ஹீலியம் 1895இல் ராம்சேயால் பூமியில் பிடிக்கப்பட்டபோதும், அது தன்னைக் காட்டிக்கொடுத்தது ஒரு மின்னிறக்கக் குழாயில் ஒளிர்ந்தே.

1928 பிப்ரவரி 28ஆம் நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். சர் சி. வி. ராமனின் ஆய்வுக்கு ஒளி தந்தது பாதரச ஆவி விளக்கு. அதுவும் ஒரு மின்னிறக்கக் குழாயே. மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டார், ராமன் விளைவைக் கண்டார் என்று நம் நூல்கள் இரண்டே படிகளில் முடித்துவிடுகின்றன. இடையே 1923இல் சிதறிய ஒளியில் ஒரு மங்கிய ஒளிர்வைக் குறித்த கே. ஆர். ராமநாதன், கிளிசரினில் பச்சை ஒளியைக் கண்ட எஸ். வேங்கடேசுவரன், ராமனோடு இணைந்து அறிவிப்பில் கையொப்பமிட்ட கே. எஸ். கிருஷ்ணன் ஆகியோர் இருக்கின்றனர். கிருஷ்ணன் நமக்கு அண்மையிலுள்ள வத்திராயிருப்புக்காரர். அவரைக்கூட நாம் விட்டுவிடுகிறோம் என்றால் அது முஃளல் அன்றி வேறென்ன? அந்த ராமனே 1954இல் டி. கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து முத்தின் அமைப்பையும் ஒளியியல் தன்மையையும் ஆராய்ந்து எழுதினார் என்பதை முத்துக்கரையினரான நாமே பெரும்பாலும் அறியோம்.

நம்மை நாமே விசாரித்தல்

விடுபட்ட பெயரைத் தேடும் முயற்சியில் ஓர் ஆபத்தும் உண்டு. அதற்கும் இக்குழாயே பாடம். எதிர்மின்முனைக் கதிரை மெல்லிய அலுமினியத் தகடு வழியே வெளிக்கொணர்ந்து ஆராய்ந்தவர் பிலிப் லெனார்டு. ராண்ட்ஜனுக்குக் கிடைத்த புகழில் தமக்குரிய பங்கு மறைக்கப்பட்டதாக அவர் வாழ்நாள் முழுதும் குமைந்தார். 1905இல் நோபல் பரிசு பெற்ற பின்னும் அக்குமைச்சல் அடங்கவில்லை. பின்னாளில் அவர் நாஜிகளோடு சேர்ந்து, ஐன்ஸ்டைன் போன்ற யூத அறிஞர்களைத் தூற்றி, அறிவியலுக்கே இனம் கற்பித்து, ஜெர்மானிய இயற்பியல் என்னும் பெயரில் நூல்கள் எழுதினார். நியாயமான ஒரு குறை, பெருமையாகத் திரிந்து வெறியாக முடிந்த வரலாறு அது.

நம்மவர் சிலர் எழுதும் அறிவியல் வரலாறு அந்த எல்லைக்குச் செல்லவில்லை எனினும் அத்திசையில் நடக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முன்னோரை நம்மிடையே தேடி, அவர் அன்றே கண்டார் என்று எழுதிவிடுகிறோம். இடையிலுள்ள எண்ணூறு ஆண்டுகளும் எத்தனையோ கைகளும் ஒரே வரியில் மறைந்துபோகின்றன. பிறர் நம் பெயரை விட்டது குறை என்றால், நாம் பிறர் பெயரை விடுவதும் அதே குறைதான். அல்பீரூனியின் பெயரைச் சொல்பவர் அவருடைய முறையையும் கைக்கொள்ள வேண்டும். மணிகளைப் பற்றிய தம் அல்ஜமாஹிர் நூலில் முத்துக்குப் பெரும்பகுதி ஒதுக்கிய அவர், தமக்கு முன் அத்துறையில் எழுதிய அல்கிந்தியையும் தீனவரியையும் பெயர் சொல்லியே தொடங்குகிறார். பட்டறையில் மணி தேய்த்தவர்களிடமிருந்தும் செய்தி பெற்று எழுதுகிறார். அவர் நமக்கு விட்டுச் சென்ற சொத்து அந்த நேர்மையே.

பாடநூலில் இடமில்லை, இத்தனை பெயர்களை எவ்வாறு அடக்குவது என்று ஆசிரியர் பெருமக்கள் கேட்பர். எல்லாப் பெயரையும் எழுதுமாறு நாம் கோரவில்லை. ஒரே ஒரு வாக்கியம் போதும்: கைஸ்லர் என்னும் கண்ணாடித் தொழிலாளி செய்த குழாயும் எவரெட் செய்த வெற்றிடமும் இன்றி இக்கண்டுபிடிப்பு நிகழ்ந்திராது என்னும் ஒரு வாக்கியம். தச்சர், கொல்லர், குளியாளி, உப்பளத் தொழிலாளி ஆகியோரின் பிள்ளைகள் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். அறிவு என்பது தம் தந்தையின் கைக்கு அப்பாற்பட்டது என்று அவர்கள் எண்ணுவதற்கு அந்த ஒரு வாக்கியம் இல்லாமையும் ஒரு காரணம்.

கேள்வி கேட்ட அம்மாணவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். அதன் பின் வந்த வகுப்புகளில் எலக்ட்ரானைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் நாம் பான் நகரத்துப் பட்டறையிலிருந்தே தொடங்குகிறோம். அவருக்குச் சொல்லத் தவறிய விடை இதுவே. இக்கட்டுரை அவர் கண்ணில் படுமாயின், காலம் தாழ்த்தியமைக்காக நம்மைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.